பட்டி பார்த்த ராக்கெட்: மாதிரி ராக்கெட் கிட்டைக் கட்டி வண்ணம் பூசும் முழு வழிகாட்டி

ஹூஸ்டனில் இருக்கும் ஜான்சன் விண்வெளி மையத்தில் நிஜமான சாட்டர்ன் 5 ராக்கெட் ஒன்றைப் படுக்கை வாட்டில் வைத்திருக்கிறார்கள். கூட்டமெல்லாம் அதன் எஞ்சின் வாய்களுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்போது ஒன்பது வயதாயிருந்த என் மகள் வெள்ளை உடம்பில் இருந்த கறுப்புப் பட்டைகளைக் காட்டி, "இதை எப்படிப்பா கோணாமல் அடித்தார்கள்?" என்று கேட்டாள். அந்தப் பட்டைகள் அழகுக்கானவை அல்ல. ராக்கெட் மேலேறும்போது தன் அச்சில் எவ்வளவு சுழல்கிறது என்பதைத் தரையிலுள்ள கேமராக்கள் கணிப்பதற்கானவை. இதைச் சொன்னேன். எப்படிக் கோணாமல் அடித்தார்கள் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம், பாகங்களை ஒட்டிக் கட்டி நிஜமாகவே பறக்கவிடும் ஒரு மாதிரி ராக்கெட் கிட் வாங்கிவந்தோம்.

அந்த முதல் ராக்கெட் இன்னும் அலமாரியில் நிற்கிறது. நான்கு அடி தள்ளி நின்று பார்த்தால் பரவாயில்லை. கையில் எடுத்தால் துடுப்புகளில் மரநார் வரிவரியாகத் தெரியும். குழாயைச் சுற்றி ஒரு சுருள்கோடு ஓடும். சிவப்பும் வெள்ளையும் சேரும் இடம் ரம்பப் பல் போலிருக்கும். இத்தனைக்கும் விலை உயர்ந்த பெயிண்ட் வாங்கி, இரண்டு பூச்சுக்குப் பதில் நான்கு பூச்சு அடித்திருந்தோம். பெயிண்ட் குறையை மூடிவிடும் என்று நம்பியதுதான் தவறு. பளபளக்கும் பெயிண்ட் குறையை வெளிச்சம் போட்டுக் காட்டும். ஊரில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வருபவர்கள் முதல் இரண்டு நாள் சுவரில் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். டப்பாவைத் திறப்பது மூன்றாம் நாள்தான். அந்த வரிசையை ராக்கெட்டுக்குக் கொண்டுவந்த பிறகே எங்கள் ராக்கெட்டுகளுக்கு லட்சணம் வந்தது. இந்த வழிகாட்டியில் பட்டியும் தேய்ப்பும் அளவுக்கு மீறி இடம் பிடித்திருப்பதாகத் தோன்றினால், காரணம் இதுதான்.

எந்தக் கிட்டில் தொடங்குவது

1954இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர், வெடிமருந்து ஏற்கெனவே அடைக்கப்பட்ட, ஒருமுறை எரிந்ததும் மாற்றக்கூடிய சிறு மோட்டாரையும் அதற்கேற்ற அட்டை ராக்கெட்டையும் உருவாக்கினார். 1957இல் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கச் சிறுவர்களெல்லாம் வீட்டுக் கொட்டகையில் மருந்து கலந்து விரல்களை இழந்துகொண்டிருந்த காலத்தில், கார்லைலின் மோட்டார் ஒரு பாதுகாப்பான வழியைத் திறந்தது. 1958இல் வெர்ன் எஸ்டஸ் அந்த மோட்டாரைத் தொடர்ச்சியாகச் செய்து தள்ளும் இயந்திரம் ஒன்றைக் கட்டி, அதற்கு 'மேபெல்' என்று பெயர் வைத்தார். பின்னர் கொலராடோவின் பென்ரோஸ் ஊருக்கு இடம் மாறிய, அவர் தொடங்கிய எஸ்டஸ் நிறுவனமே இன்றுவரை இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த பெயர்.

தொடங்குபவர்களுக்கு அந்த நிறுவனத்தின் 'ஆல்ஃபா' கிட்டையே சொல்வேன். 1960களிலிருந்து விற்பனையில் இருக்கிறது. ஏறக்குறைய 31 செ.மீ. உயரம், 25 மி.மீ. விட்டம், மோட்டார் இல்லாமல் 25 கிராமுக்கும் குறைவான எடை. காகிதக் குழாய், பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு, பால்சா மரத்தில் மூன்று துடுப்பு, 30 செ.மீ. பாராசூட். இதில் கற்கும் ஒவ்வொரு வேலையும் பெரிய ராக்கெட்டுகளுக்கும் அப்படியே பொருந்தும். துடுப்பும் பிளாஸ்டிக்கில் வார்த்து வரும் கிட்டுகள் உண்டு. அரை மணியில் முடிந்துவிடும். கற்க அதில் ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டாருக்குள் இருப்பது கருமருந்து. இந்தியாவில் அது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. பார்சலில் வரவழைக்கும் சரக்கு அல்ல. கிட்டைக் கட்டலாம், வண்ணம் பூசலாம், மேசையில் வைத்து ரசிக்கலாம். பட்டாசைப் பிரித்து மருந்தெடுத்து மோட்டார் செய்யும் யோசனை வந்தால் அதை அங்கேயே கைவிடுங்கள்.

மேசை மேல் என்ன வேண்டும்

கூரான கத்தியும் மாற்று அலகுகளும், இரும்பு அளவுகோல், பென்சில், மாஸ்கிங் டேப். உப்புத்தாள் 220, 320, 400, 600 எண்களில் இரண்டிரண்டு தாள். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை அல்லது மஞ்சள் மரப்பசை. ஊரில் என்றால் ஃபெவிக்கால் போதும். ஒரு துளி சூப்பர் குளூ அவசரத்துக்கு. தண்ணீரில் கரையும் மரப்பட்டி ஒரு டப்பா. முகமூடி ஒன்று, ஏனென்றால் பால்சாத் தூள் மூக்கில் ஏறினால் நாள் முழுவதும் தும்மல்தான். உப்புத்தாளை வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் மெத்தென்ற மரத்தில் பள்ளம் விழும். தட்டையான மரக்கட்டை ஒன்றில் சுற்றிப் பிடித்துத் தேயுங்கள்.

கிட்டைப் பிரித்ததும் பசையைத் தொடாதீர்கள். பாகங்களை விளக்கத்தாளோடு ஒத்துப் பார்த்து, பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். எது எதற்குள் இறுக்கமாகப் போகிறது, எது லொடலொடக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். இறுகும் இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தளர்த்துங்கள்.

மோட்டார் கூடு

ராக்கெட்டின் வாலுக்குள் மோட்டாரைப் பிடித்து நிற்கும் சின்னக் குழாய் இது. மோட்டார் 18 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் கொண்டது. கூட்டுக் குழாயில் விளக்கத்தாள் சொல்லும் இடத்தில் ஒரு சிறு பிளவு போட்டு, இரும்புக் கொக்கியின் ஒரு முனையைச் செருக வேண்டும். மோட்டார் முன்னால் ஓடிவிடாமல் தடுக்கும் வளையம் உள்ளே. கூட்டை உடல்குழாயின் நடுவில் நிறுத்தும் இரண்டு மையவளையங்கள் வெளியே. எல்லாவற்றையும் ஒட்டி முழுதாகக் காயவிடுங்கள். கொக்கியின் நடுப்பகுதி மட்டும் பசை படாமல் அசைய வேண்டும். மோட்டாரைச் செருகவும் கழற்றவும் அது வளைந்து கொடுக்க வேண்டுமே.

கூட்டை உடல்குழாய்க்குள் தள்ளும்போதுதான் பலருக்கு முதல் விபத்து நடக்கிறது. எனக்கும் நடந்தது. பசையின் ஈரம் பட்டதும் காகித வளையம் உப்பும். பாதி வழியில் கையை மாற்ற ஒரு நொடி நின்றேன். கூடு அங்கேயே பிடித்துக்கொண்டது. இழுத்தால் குழாய் கிழியும், தள்ளினால் மடங்கும். முழு ராக்கெட்டும் வீண். அதன் பிறகு செய்வது இதுதான்: கூடு எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று ஒரு குச்சியில் குறித்துக்கொள்கிறேன். அந்தக் குச்சி நுனியில் பசை எடுத்து, முன் வளையம் போய் நிற்கும் இடத்தில் குழாயின் உட்சுவரைச் சுற்றித் தடவுகிறேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தள்ளு. நிறுத்துவதோ திருப்பிப் பார்ப்பதோ கிடையாது. பின் வளையத்துக்கான பசையைக் கடைசியில் வெளியிலிருந்தே தடவிவிடலாம்.

துடுப்புகளுக்குக் கோடு

கிட்டோடு வரும் காகிதக் கீற்றைக் குழாயில் சுற்றி, மூன்று துடுப்புக்கும், அவற்றில் இரண்டுக்கு நடுவே வரும் வழிகாட்டிக் குழலுக்கும் (ஏவும்போது ராக்கெட் பிடித்து ஏறும் கம்பி இதற்குள் நுழையும்) குறி வையுங்கள். கீற்று இல்லையென்றால் குழாயைச் சுற்றும் நீளத்துக்கு ஒரு காகிதத்தை வெட்டி, அதை மூன்றாகப் பிரித்துக் குறித்துக்கொண்டால் 120 பாகை சரியாக வந்துவிடும். குறியிலிருந்து குழாய் நெடுகக் கோணாமல் கோடு இழுக்கக் கதவு நிலைதான் கருவி. நிலைச்சட்டத்தின் உள்மூலையில் குழாயைக் கிடத்தினால் அது அசையாது. சட்டத்தின் விளிம்பே அளவுகோலாகிவிடும். அலுமினியக் கோணச்சட்டம் கைவசம் இருந்தால் இன்னும் நல்லது.

துடுப்பு: இங்கே அவசரப்படாதீர்கள்

பால்சாத் தகட்டில் துடுப்புகள் ஏற்கெனவே வெட்டப்பட்டே வரும். ஒட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைக் கத்தியால் அறுத்து எடுத்தால் போதும். பிய்த்து எடுக்காதீர்கள். மூன்றையும் அடுக்கி, டேப் போட்டுச் சேர்த்து, ஓரங்களை ஒன்றாகத் தேய்த்தால் மூன்றும் ஒரே அளவாகும். நீங்களே வெட்டுவதாக இருந்தால் மரநார் துடுப்பின் முன்னோரத்துக்கு இணையாக ஓட வேண்டும். நார் குழாய்க்கு இணையாக ஓடும் துடுப்பு, முதல் இறக்கத்திலேயே பிஸ்கெட் போல முறியும்.

முன்னோரத்தை உருண்டையாகவும் பின்னோரத்தைச் சற்றுக் கூராகவும் தேயுங்கள். காற்று வழுக்கிப் போகும். குழாயோடு ஒட்டும் அடியோரத்தை மட்டும் தொடக்கூடாது. அது சதுரமாகவே இருக்க வேண்டும்.

இனி பட்டி. நார்த்துளைகளை அடைக்க வேண்டிய நேரம் துடுப்பு தனியாக, தட்டையாக, கையில் இருக்கும் இந்த வேளைதான். ஒட்டிய பிறகு மூலைகளில் உப்புத்தாள் நுழையாது. மரப்பட்டியில் சில துளி தண்ணீர் விட்டுத் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, தூரிகையால் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிவிட்டு நாளைக்கு மறுபக்கம் என்று வைத்தால் துடுப்பு அப்பளம் போல வளைந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் பூச வேண்டும். தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்ததும் இரண்டு மெழுகுத்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி இரவு முழுவதும் விடுங்கள். பழைய தொலைபேசிக் கையேடு இதற்கென்றே பிறந்தது. இப்போது எங்கே கிடைக்கிறது?

மறுநாள் 320ஆம் எண் உப்புத்தாள். பூசியதில் பெரும்பகுதியைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். துளைக்குள் இறங்கியது மட்டும் நின்றால் போதும். மேலே தங்குவது வெறும் எடை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரி தெரிந்தால் இன்னொரு பூச்சு. வழக்கமாக இரண்டு, முரட்டு மரமென்றால் மூன்று. மரச்சாமான் கடைகளில் கிடைக்கும் சாண்டிங் சீலரையும் பயன்படுத்தலாம். அது வளைப்பது குறைவு, நெடி அதிகம்.

இதற்கெல்லாம் பொறுமையில்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: துடுப்பின் இரு பக்கமும் சாதாரண அச்சுத்தாளைப் பசை போட்டு ஒட்டி அழுத்தி உலரவிடுங்கள். நார் மறைந்துவிடும், துடுப்புக்கும் வலிமை கூடும். இப்போது நான் பெரும்பாலும் செய்வது இதைத்தான். அடியோரத்தில் மட்டும் தாள் மடிந்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரமும் குழாயும்தான் ஒன்றையொன்று பிடிக்க வேண்டும்.

ஒட்டுவது

துடுப்பு உட்காரும் கோட்டில் குழாயின் வழவழப்பை உப்புத்தாளால் லேசாக எடுங்கள். அடியோரத்திலும் கோட்டிலும் மெல்லியதாகப் பசை தடவி, ஒருமுறை சேர்த்து, உடனே பிரித்து, சில நிமிடம் உலரவிடுங்கள். பிறகு அடியோரத்தில் மட்டும் மறுபடி மெல்லிய பசை வைத்து அழுத்துங்கள். அரை நிமிடத்தில் கவ்விக்கொள்ளும். இப்படி இரட்டைப் பசை போட்ட துடுப்பு பிய்ந்தால் குழாயின் காகிதத்தையும் உரித்துக்கொண்டுதான் வரும், பசை விடாது.

ஒட்டியதும் ராக்கெட்டை வால் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். துடுப்பு குழாயின் மையத்திலிருந்து நேராக வெளியே நீள வேண்டும். சற்றுச் சாய்ந்திருந்தால் பசை இறுகும் முன் திருத்துங்கள். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் ராக்கெட் பம்பரம். ஒன்று மட்டும் சாய்ந்தால் போகும் திசையை அதுவே தீர்மானிக்கும்.

நன்றாகக் காய்ந்த பிறகு துடுப்பும் குழாயும் சேரும் மூலையில் பசையை ஒரு கோடாக விட்டு, விரலால் வழித்து வளைவாக்குங்கள். இது வலிமைக்கும் வேண்டும், அழகுக்கும் வேண்டும். பசை வழியாமலிருக்க ராக்கெட்டைப் படுக்கவைத்து, மேலே பார்த்திருக்கும் மூலைக்கு மட்டும் விட்டுக் காயவிட்டு, திருப்பி, அடுத்தது. தடித்த ஒரே பூச்சு காயும்போது சுருங்கிக் குமிழ் விடும். மெல்லிய இரண்டு பூச்சு விடாது.

ஏவுகம்பி நுழையும் சின்னக் காகிதக் குழலையும் இப்போதே ஒட்டிவிடுங்கள். கம்பி 3 மி.மீ. தடிமன். குழல் உடலுக்கு இணையாக இல்லையென்றால் ராக்கெட் கம்பியிலேயே மாட்டிக்கொள்ளும்.

நாடாவும் பாராசூட்டும்

மூக்கையும் உடலையும் இணைக்கும் இலாஸ்டிக் நாடாவின் முனையைக் காகித மடிப்புக்குள் வைத்து ஒட்டி, அந்த மடிப்பைக் குழாயின் உட்சுவரில் ஒட்ட வேண்டும். மேல்விளிம்பிலிருந்து போதிய ஆழத்தில், மூக்கின் கழுத்து வந்து இடிக்காத இடத்தில். மடிப்பு பட்டையாக இருக்கட்டும். மொத்தையாக இருந்தால் பாராசூட் அதில் சிக்கும். நாடா குட்டையாக இருந்தால் வெளியே தள்ளப்பட்ட மூக்கு சுண்டி இழுக்கப்பட்டுத் திரும்பி வந்து குழாயின் வாயையே நசுக்கும். ராக்கெட்டின் நீளத்தைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள நாடாவை நான் வாங்கிப் போட்டுவிடுகிறேன். பாராசூட்டை வண்ணம் பூசி முடித்த பிறகு கட்டினால் போதும்.

குழாய்க்கும் பட்டி

காகிதக் குழாயில் சுருள்கோடு ஒன்று பள்ளமாக ஓடும். அதே தயிர்ப் பதப் பட்டியை அந்தப் பள்ளம் நெடுகத் தடவி, காய்ந்ததும் 400 எண்ணில் தேய்த்துவிடுங்கள். அழுத்தித் தேய்த்தால் குழாயின் மேல்தோல் பஞ்சு பஞ்சாக எழும்பிவிடும். அப்படி எழும்பினால் அந்த இடத்தில் ஒரு துளி மெல்லிய சூப்பர் குளூ விட்டு, உறைந்த பின் தேய்த்தால் அடங்கும். பிளாஸ்டிக் மூக்கில் அச்சுக் கோடு இருந்தால் அதையும் தேய்த்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் தோல் போல உரியும்.

ப்ரைமர்

பின்பக்கத்தில் மோட்டார் கூட்டுக்குள் சுருட்டிய செய்தித்தாளையோ மரக்கோலையோ இறுக்கமாகச் செருகினால் பிடித்துச் சுழற்றக் கைப்பிடி கிடைத்துவிடும். மூக்கின் கழுத்தையும் குழாயின் மேல்வாயையும் டேப் போட்டு மூடுங்கள். அங்கே பெயிண்ட் படிந்தால் மூக்கு இறுகி, பாராசூட் வெளியே வராது. வழிகாட்டிக் குழலின் வாயை ஒரு பல்குச்சியால் அடைத்துவிடுங்கள்.

வண்ணத்துக்கு அடியில் பூசும் சாம்பல் நிற ப்ரைமரை 25 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று தெளிக்க வேண்டும். ராக்கெட்டுக்கு வெளியே தொடங்கி, ராக்கெட்டைக் கடந்து, வெளியே போய் நிறுத்துங்கள். ராக்கெட்டின் மேலேயே பொத்தானை அழுத்தினால் முதல் உமிழ்வில் வரும் சொட்டு அங்கேயே விழும். ஒரு பூச்சு காய்ந்ததும் நீங்கள் அதிர்ச்சியடைவீர்கள்: இல்லையென்று நினைத்த பள்ளம், மேடு, கைரேகை எல்லாம் சாம்பல் நிறத்தில் எழுந்து நிற்கும். அதைக் காட்டத்தான் ப்ரைமர். பட்டி வைத்து, 400இல் தேய்த்து, மறுபடி ப்ரைமர். தேய்க்கும்போது முக்கால்வாசி ப்ரைமர் போய்விட்டால் கவலை வேண்டாம். பள்ளங்களில் மட்டும் அது நிற்பதே சரியான வேலையின் அடையாளம். கடைசிப் பூச்சை 600இல் தடவிக் கொடுத்தால் முட்டையோடு போலிருக்கும்.

இந்தக் கட்டத்தில் எடையை நினைவில் வையுங்கள். பட்டி, பசை, பெயிண்ட் எல்லாமே வால்பக்கம், துடுப்புகளில்தான் அதிகம் சேர்கின்றன. ராக்கெட் நேராகப் பறக்க அதன் எடைமையம், காற்றழுத்தம் குவியும் மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு குழாய் விட்ட தூரமாவது இருக்க வேண்டும். ஆல்ஃபா போன்ற கிட்டில் இதற்குத் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். ஆனாலும் துடுப்பை மெழுகுச் சிலையாக்கிவிடக் கூடாது.

வண்ணம்

முதலில் வெளிர் நிறம், அதன் மேல் அடர் நிறம். வெள்ளையை முழு ராக்கெட்டுக்கும் அடித்துவிடுங்கள். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு மூன்றும் சாம்பலின் மேல் மங்கித் தெரியும். வெள்ளையின் மேல் சுடர்விடும்.

டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். குளிர்காலமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்தெடுங்கள். அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. முதல் பூச்சு பனி படிந்தது போல இருக்கட்டும், அடியிலிருப்பது தெரியலாம். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது. மூன்றாவது மட்டும் சற்று ஈரமாக, பளபளப்பு எழும் அளவுக்கு. ராக்கெட்டைச் சுழற்றிக்கொண்டே அடிக்க வேண்டும். ஒழுகிவிட்டால் துடைக்கப் போகாதீர்கள். அப்படியே விட்டு, இரண்டு நாள் கழித்து 600இல் தேய்த்து மறுபூச்சு அடியுங்கள்.

ஹூஸ்டன் கோடை சென்னைப் புழுக்கத்துக்குச் சற்றும் இளைத்ததல்ல. மழை வரப்போகும் ஒரு மாலையில் கறுப்பு அடித்தேன். காலையில் பார்த்தால் விபூதி பூசியது போல வெளுத்துக் கிடந்தது. காற்றின் ஈரம் பெயிண்டில் இறங்கிய வேலை. வெயில் ஏறிய, ஈரம் குறைந்த முற்பகலில், நேர் வெயில் படாத திறந்த இடத்தில் அடியுங்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையையே எடுக்காதீர்கள்.

இன்னொரு பொறி, பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையிலான நேரம். டப்பாவில் 'ஒரு மணி நேரத்துக்குள் அல்லது 48 மணி நேரத்துக்குப் பிறகு' என்று எழுதியிருந்தால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் கீழ்ப்பூச்சு நெளிந்து தோல் சுருங்கும். ப்ரைமர், வண்ணம், மேல்பூச்சு மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருப்பது நல்லது. எனாமல் வகைப் பெயிண்டின் மேல் லாக்கர் வகையை அடித்தாலும் இதே சுருக்கம் வரும். காய்ந்ததா என்று அறிய விரலால் தொட வேண்டாம். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் வாடை அடித்தால் இன்னும் காயவில்லை.

கோணாத கோடு

என் மகளின் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. குழாயைச் சுற்றி நேரான பட்டை வேண்டுமென்றால், அச்சுத்தாளின் நேர் ஓரத்தில் ஒரு கீற்றை வெட்டிக் குழாயைச் சுற்றுங்கள். தாளின் ஓரம் தன்மேலேயே துல்லியமாகப் பொருந்தும் நிலையில் அது குழாய்க்குச் செங்குத்தாக இருந்தே தீரும். அதை ஒட்டிப் பென்சிலால் மெல்லக் குறித்து, அந்தக் குறியில் டேப்பை வையுங்கள். நெடுக்குக் கோட்டுக்குக் கதவு நிலையே போதும். சாட்டர்ன் 5 போலக் கறுப்பு, வெள்ளைக் கட்டங்கள் வேண்டுமென்றால் குழாயை நான்காகப் பிரித்து எதிரெதிர்க் கால்பாகங்களை மூடுங்கள். மூன்று துடுப்பு ராக்கெட்டுக்கு நான்கு கட்டம் பொருந்தாது என்று என் மகள் வாதாடி, ஆறாகப் பிரித்தாள். அவள் சொன்னது சரி.

சாதாரண டேப்பின் ஓரம் சொரசொரப்பானது. பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஒட்டல் குறைந்த, ஓரம் சீரான டேப்பை வாங்குங்கள். ஒட்டியதும் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேயுங்கள். பிறகு, அடுத்த நிறத்தை அடிக்கும் முன், அடியில் இருக்கும் அதே வெள்ளையை டேப் ஓரத்தின் மேல் ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். டேப்புக்கு அடியில் கசிவு இருந்தால் அந்த வழியை வெள்ளையே அடைத்துவிடும். பின்னால் வரும் கறுப்புக்கு நுழைய இடமில்லை. எங்கள் முதல் ராக்கெட்டின் ரம்பப் பல்லை ஒழித்தது இந்த ஒரு பூச்சுதான்.

கடைசிப் பூச்சு அடித்துச் சில நிமிடங்களில், முழுதாக இறுகும் முன், டேப்பைத் தன்மேலேயே மடக்கி மெதுவாக உரியுங்கள். நேராக மேலே இழுத்தால் பெயிண்டும் சேர்ந்து வரும்.

நிறத் தேர்வில் என் கட்சி: வானத்தில் தெரிய அடர் நிறம், புல்லில் தேடக் கண்ணைக் கூசும் ஆரஞ்சு. பச்சை ராக்கெட் ஒன்று செய்தோம். முதல் பறப்போடு அது புல்வெளிக்குச் சொந்தமாகிவிட்டது.

தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் எழுத்துகளை வண்ணம் நன்றாகக் காய்ந்து, மேற்பரப்பு பளபளப்பாக இருக்கும்போது ஒட்டுங்கள். அரை நிமிட ஊறல், ராக்கெட்டின் மேல் ஒரு துளி சோப்புத் தண்ணீர், சரியான இடத்துக்கு நகர்த்தியபின் பஞ்சால் ஒற்றல். மேல்பூச்சு அடிப்பதாக இருந்தால் மிஞ்சிய எழுத்தில் சோதித்துப் பாருங்கள். சில மேல்பூச்சுகள் எழுத்தைக் கரைத்துவிடும்.

ஏவும் முன்

ஏவுதளத்துக்குப் போகும் முன் ஏவுகம்பி குழலில் தடையின்றி ஓடுகிறதா, மூக்கு தன் எடையிலேயே விழாமலும் இழுத்தால் தயங்காமலும் வருகிறதா என்று பாருங்கள். இறுக்கமென்றால் உப்புத்தாள், தளர்வென்றால் ஒரு சுற்று டேப். பாராசூட்டுக்கு அடியில் தீப்பிடிக்காத காகிதத்தை நான்கைந்து தாள் கசக்கிப் போட வேண்டும். பாராசூட்டை வெளியே தள்ளும் மோட்டாரின் கடைசி வெடிப்பு பிளாஸ்டிக்கை உருக்காமல் காப்பது அதுதான். பாராசூட்டின் மேல் கொஞ்சம் பவுடர் தூவி மடித்தால் மடிப்பு ஒட்டாது.

மோட்டாரின் மேல் ஏ8-3 என்பது போல எழுதியிருக்கும். எழுத்து மொத்த உந்தத்தைச் சொல்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் உச்சவரம்பு இரட்டிக்கும், ஏ என்றால் 2.5 நியூட்டன் விநாடி வரை, பி என்றால் 5, சி என்றால் 10. நடு எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிப்பு வரை எத்தனை விநாடி என்பது. ஆல்ஃபாவுக்கு முதல் பறப்பு ஏ8-3இல் இருக்கட்டும். சி6 போட்டால் 300 மீட்டரைத் தொடும். நீங்கள் ஒரு மாதம் தேய்த்த ராக்கெட் ஒரு புள்ளியாகி, காற்று இழுத்த பக்கம் போகும்.

அமெரிக்கத் தேசிய ராக்கெட்டரி சங்கத்தின் பாதுகாப்பு விதிகளில் மிக அடிப்படையானவை: மின்சாரத்தால் மட்டுமே பற்றவைக்க வேண்டும். சிறு மோட்டாருக்குக் குறைந்தது 15 அடி தள்ளி நிற்க வேண்டும். பற்றவில்லையென்றால் ஏவும் கருவியின் சாவியைக் கழற்றி, 60 விநாடி காத்திருந்துதான் அருகே போக வேண்டும். காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் பெட்டியை மூடிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்.

முதல் இறக்கத்தில் ஏதாவது ஒரு துடுப்பின் நுனி கட்டாயம் பெயர்ந்து வரும். ஸ்ப்ரே டப்பாவில் மிஞ்சிய பெயிண்டில் கொஞ்சத்தை ஒரு மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பியில் தெளித்து எடுத்து, ராக்கெட்டின் பெயர் எழுதி வையுங்கள். நுனியில் பட்டி வைத்து, தேய்த்து, பல்குச்சியால் தொட்டு வைத்தால் அடுத்த வாரத்துக்குத் தயார்.